சொந்த ஊருக்கு முதல் பயணம்

மிசுநாசே ஊர் மன்றத்தில் பனி அள்ள ஒரு பிரிவு, குப்பையைத் தரம் பிரிக்க ஒரு பிரிவு, மலையிலிருந்து கரடி இறங்கினால் ஒலிபெருக்கியில் அறிவிக்க ஒரு பிரிவு என்று எல்லாவற்றுக்கும் பிரிவு இருந்தது. பண்பாட்டுக்கு மட்டும் இல்லை. பண்பாட்டுப் பிரிவு இல்லாமல் இத்தனை காலம் ஊர் எப்படி நடந்தது என்று மாகாண அலுவலகம் கேட்டபோதுதான் அந்தக் குறை எல்லோருக்கும் உறைத்தது.

மேற்படி குறையைப் போக்கும் பொருட்டு, அந்த ஆண்டு மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கிய சமயத்தில், ‘முதன்முறைப் பயணியருக்கான பண்பாடு மற்றும் உணவு நேரனுபவ வளர்ச்சிப் பிரிவு’ தொடங்கி வைக்கப்பட்டது. பெயர்ப்பலகை நீளம், கதவு குறுகல். ஆகவே ‘வளர்ச்சிப் பிரிவு’ மட்டும் பக்கத்துச் சுவருக்குப் போய்விட்டது. பக்கத்துச் சுவர் கழிவறையுடையது. உள்ளே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் குராமோச்சி எய்ஜி.

குராமோச்சி அதுவரை குடிநீர்ப் பிரிவில் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். அவர்மேல் ஒரு புகாரும் கிடையாது. புகார் சொல்லும் அளவுக்கு அவரை யாருக்கும் நினைவில்லை. இப்படிப்பட்டவர்தான் புதிய பிரிவுக்குப் பொருத்தமானவர் என்று ஊர்த்தலைவர் தோதோரொகி முடிவு செய்திருந்தார்.

"விஷயம் இதுதான் குராமோச்சி," என்றார் தலைவர். "நம்ம ரயில்ல ஆளே ஏறல. அடுத்த வசந்தத்தோட நிறுத்திடுவாங்களாம். வெளிநாட்டுல இருந்து புதுசா வர்றவங்க நம்ம பண்பாட்டையும் சாப்பாட்டையும் அனுபவிக்க ஒரு பயணத்திட்டம் போட்டு, ஆளை வரவழைச்சுக் காட்டினா ரயில் நிக்காதாம். ரயில் நின்னுச்சுன்னா பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எப்படிப் போகும்? கிழடுங்க ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகும்?"

"புரியுதுங்க ஐயா. ஆனா நம்ம ஊர்ல என்னங்க இருக்கு?"

"பண்பாடு இருக்குய்யா!"

"எங்கங்க?"

தலைவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். எதிரே பெட்ரோல் நிலையம் இருந்தது. அதற்கப்பால் இருபத்துநாலு மணி நேரக் கடை. அதற்கப்பால் மூடிக்கிடந்த சூதாட்டக் கூடம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜன்னல் திரையை இழுத்து விட்டார்.

"தேடணும். அதுக்குத்தான உன்னைப் போட்டிருக்கு?"

தேடுவதற்குத் துணையாகத் தோக்கியோவிலிருந்து ஓர் ஆலோசகர் அமர்த்தப்பட்டார். பெயர் ஹயாசாகா. கணுக்கால் தெரியும்படி கால்சட்டை போட்டிருந்தார். அந்தக் குளிரில் அது ஒரு தியாகம்தான். அவர் மூன்று நாள் ஊரைச் சுற்றிவிட்டு, "இந்த ஊரின் பலம் அதன் வெறுமை," என்று திரையில் எழுதிக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். இவ்வளவு வெறுமை வேறு எந்த ஊரிலும் இல்லை என்று தலைவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் திட்டத்தில் ஒரு விதி இருந்தது. அசல் வெளிநாட்டவரை அழைக்கும் முன், ‘நம் பண்பாட்டையும் உணவையும் இதற்குமுன் அனுபவித்திராத நபர்’ ஒருவரைக் கொண்டு பயணத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த நபர் உண்மையிலேயே அனுபவித்திராதவர்தான் என்பதை ஒரு தேர்வு வைத்து உறுதி செய்ய வேண்டும். நூற்றுக்கு அறுபதுக்குக் கீழே எடுத்தால் முதன்முறைப் பயணி. அறுபதோ அதற்கு மேலோ எடுத்தால் உள்ளூர்வாசி. கேள்வித்தாளை ஹயாசாகாவே கொண்டு வந்திருந்தார்.

"இதுக்கு ஏன் யோசனை?" என்றார் தலைவர். "நம்ம லிகாயா சான் இருக்காங்களே! பிலிப்பைன்ஸ்காரங்க. கூப்பிடு."

மரியாதைக்கு ‘சான்’ சேர்த்து எல்லோரும் அழைக்கும் லிகாயா, ஊரின் ஒரே தங்கும் விடுதியை நடத்திவந்தாள். செகாவா குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவன் இறந்த பிறகும் ஊரைவிட்டுப் போகவில்லை. மாமியார் இருந்தவரை அவளிடமிருந்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள், திட்டு உட்பட. ஊறுகாய்க்காக டர்னிப் கிழங்கை உப்பில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தவள், கால் கழுவிவிட்டு வந்து தேர்வு எழுதினாள்.

தொண்ணூற்றேழு.

அந்த மூன்று மதிப்பெண்ணும் புத்தாண்டு சூப்பில் போயின. அரிசிக்கட்டியைச் சுட்டுத்தான் சூப்பில் போட வேண்டும் என்று அவள் எழுதியிருந்தாள். தோக்கியோவில் தயாரான விடைத்தாளில் ‘விருப்பம்போல்’ என்று இருந்தது.

"விருப்பம்போலவா?" என்றாள் லிகாயா. "எங்க மாமியார் காதுல விழுந்தா எந்திரிச்சு வந்துடுவாங்க."

ஹயாசாகா குழம்பிப் போனார். "கேள்விகள் ரொம்ப எளிதோ என்னவோ. வேறு யாரையாவது எழுதச் சொல்லிப் பார்ப்போம். குராமோச்சி சான், நீங்கள் உட்காருங்கள். ஒரு ஒப்பீட்டுக்காக."

குராமோச்சி உட்கார்ந்தார். கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் எழுதினார். காலையில் என்ன உண்பீர்கள்? ரொட்டி, வெண்ணெய், காப்பி. கடைசியாகக் கிமோனோ உடுத்தியது எப்போது? நினைவில்லை, அம்மாவைக் கேட்க வேண்டும், அம்மா இல்லை. தேநீர்ச் சடங்கில் கிண்ணத்தை எத்தனை முறை திருப்ப வேண்டும்? ஏன் திருப்ப வேண்டும்? சூப்புக்கான அடிப்படைச் சாற்றை எதிலிருந்து எடுப்பீர்கள்? பாக்கெட்டிலிருந்து.

நான்கு மதிப்பெண் வந்தது. வெந்நீர் ஊற்றில் இறங்கும் முன் உடம்பைக் கழுவ வேண்டும் என்று எழுதியதற்குக் கிடைத்தது அது.

 பிறகு ஹயாசாகா எழுந்து வந்து குராமோச்சியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எங்கள் நாட்டுக்கு நல்வரவு," என்றார்.

"ஐயா, நான் பிறந்தது இந்த ஊர் ஆஸ்பத்திரியிலங்க."

"விதியில் பிறந்த இடம் பற்றி எதுவுமே இல்லை. ‘அனுபவித்திராத நபர்’ என்றுதான் இருக்கிறது. நீங்கள் அனுபவித்திருக்கிறீர்களா?"

குராமோச்சி யோசித்துப் பார்த்தார். பொய் சொல்ல வரவில்லை.

அடுத்த வாரம் சோதனைப் பயணம் தொடங்கியது. பயணி துணைவியுடன் வரலாம் என்று இருந்ததால் மனைவி கியோமியும் தேர்வு எழுதினாள். அவளுக்கு ஆறு. "உங்களைவிட ரெண்டு கூட," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். பயணி ரயிலில்தான் வந்து இறங்க வேண்டும். ஆகவே இருவரும் வீட்டிலிருந்து காரில் பக்கத்து ஊர் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ரயிலேறித் தங்கள் ஊருக்கே வந்து இறங்கினார்கள். நடைமேடையில் தலைவர் கொடி ஆட்டினார்.

"வாங்க... வாங்க... இது... மிசுநாசே... ஊர்!" என்று ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, கையை அகல விரித்துக் காட்டினார். பயணிகளிடம் எளிய சொற்களில் மெதுவாகப் பேச வேண்டும் என்பது விதி.

"தெரியுங்க ஐயா."

"ஆகா! நம்ம மொழி எவ்வளவு நல்லாப் பேசுறீங்க!" என்றார் தலைவர் மகிழ்ந்துபோய்.

விடுதியில் குராமோச்சி யோசனையில் இருந்தவர், செருப்போடு பாய்விரிப்பு அறைக்குள் கால் வைத்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் அந்த ஒரு காரியத்துக்கு அவருடைய மூன்று தலைமுறையின் பெயர் கெட்டிருக்கும். இப்போதோ, கூட வந்த அதிகாரிகள் எல்லோரும் கனிவோடு சிரித்தார்கள். ஒருவர் புகைப்படம்கூட எடுத்தார்.

கியோமி கணவனின் காதில் சொன்னாள்: "என்னங்க, யாருமே திட்டல."

"ம்."

"கல்யாணம் ஆனதுல இருந்து இந்த ஊர்ல நான் ஏதாவது தப்பு செஞ்சு யாரும் திட்டாம விட்டது இதுதாங்க முதல் தடவை."

"செருப்பு போட்டது நான்."

"பரவாயில்ல. சேர்த்துத்தான மன்னிச்சாங்க?"

இரவு உணவை லிகாயா பரிமாறினாள். மண்டியிட்டு உட்கார முடியாமல் குராமோச்சி இரு காலையும் நீட்டிக்கொண்டார். அதற்கும் சிரிப்புத்தான். உப்பிட்டுச் சுட்ட ஆற்றுமீன், மலைக்காளான், ஊறிய டர்னிப், கடைசியாக மூடிய கிண்ணத்தில் சூப். மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தவர் கிண்ணத்துக்குள் உற்றுப் பார்த்தார். கடற்பாசியும் காய்ந்த மீன் சீவலும் போட்டு அன்று காலை எடுத்த சாறு, அவள் கையால் புளிக்க வைத்த மிசோ என்னும் சோயா விழுது.

"இது என்ன லிகாயா சான்?"

"சூப்புங்க."

"இல்ல, இது என்ன?"

"மிசோ சூப்புதான் குராமோச்சி சான். தினம் குடிக்கிறதுதான்."

அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கியோமி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். "நானும்தான் இத்தனை வருஷமா சூப் வைக்கிறேன். ஒரு நாளாவது இப்படிக் கண் கலங்கியிருக்கீங்களா?"

"கலங்கியிருக்கேன். நீ பாக்கல."

இதைக் கேட்டு லிகாயா வாய்விட்டுச் சிரித்தாள். கியோமியும் சிரித்தாள். கணவனும் மனைவியும் வெளியூரில் சேர்ந்து சாப்பிடுவது அதுதான் முதல் தடவை என்பது அவர்களுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெளியூர் என்று அதைச் சொல்லலாமா என்பது வேறு விஷயம்.

இத்தோடு முடிந்திருந்தால் கதை சுபம். முடியாமல் போனதற்குக் காரணம் குப்பை.

மிசுநாசேவில் குப்பை என்பது சாதாரண விஷயம் இல்லை. எரிவது ஒரு நாள், எரியாதது ஒரு நாள், குப்பி ஒரு நாள், குப்பியின் மூடி வேறொரு நாள், குப்பைக் கூண்டைக் கழுவ வீட்டுக்கு வீடு முறை. பயணம் முடிந்து வீடு திரும்பிய கியோமி, அசதியில், எரிகிற நாளில் எரியாத பையை வைத்துவிட்டாள். தெருச் சங்கத் தலைவி நெசு அம்மாள் பையைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். நெசு அம்மாளைக் கண்டால் மலையிலிருந்து இறங்கும் கரடியே வழியை மாற்றிக்கொள்ளும்.

"கியோமி சான்! இது என்ன? இது என்னன்னு கேக்குறேன்!"

கியோமி பையை வாங்கக் கை நீட்டினாள். ஆனால் வாய் தானாகப் பேசிவிட்டது.

"மன்னிச்சுக்கங்க. நான் முதன்முறைப் பயணி. இங்கத்த வழக்கம் தெரியல."

"என்ன உளர்ற?"

கியோமி உள்ளே போய், பயணத்தின்போது மன்றம் கொடுத்த ‘முதன்முறைப் பயணி’ சான்றிதழை எடுத்து வந்து காட்டினாள். முத்திரை இருந்தது. நெசு அம்மாள் ஒரு காலத்தில் மன்றத்தில் வேலை பார்த்தவள், முத்திரைக்கு மரியாதை தெரிந்தவள். நேராகக் குராமோச்சியின் வளர்ச்சிப் பிரிவுக்குப் போனாள்.

"பயணம் முடிஞ்சிருச்சுல்ல? இன்னும் என்ன பயணி?"

குராமோச்சி விதியை எடுத்துப் பார்த்தார். பார்த்தவருக்கே தூக்கிவாரிப் போட்டது. "அறிக்கையை மாகாண அலுவலகம் ஏத்துக்கிற நாள்வரைக்கும் தகுதி செல்லும்னு இருக்குங்க."

"எப்ப ஏத்துக்குவாங்க?"

"போன பூகம்ப அறிக்கையையே இன்னும் ஏத்துக்கல."

 நெசு அம்மாள் முகத்தில் ஒரு கணக்கு ஓடியது.

"அப்போ குப்பை முறை கிடையாது?"

"பயணிக்கு எப்படிங்க?"

"பனி அள்ளுற முறை?"

"பயணி அள்ளக்கூடாதுங்க. காப்பீடு இல்லீங்க."

"கோயில் திருவிழாவுக்கு வீடு வீடாப் போய் வசூல் பண்றது, தலைவர் பேச்சுக்கு முன் வரிசையில உக்காந்து கைதட்டுறது?"

"வேடிக்கை பாத்தாப் போதும். கட்டாயம் இல்ல."

நெசு அம்மாள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அந்தக் கேள்வித்தாளைக் கொஞ்சம் குடுங்க."

முப்பது வருடம் தெருவுக்குப் பண்பாடு கற்பித்தவளுக்குத் தேர்வில் தோற்பது எளிதாக இருக்கவில்லை. முதல் முறை தொண்ணூறு வாங்கிவிட்டு அழுதாள். இரண்டாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு, கடவுள் மாடத்தில் குளிர்பதனப் பெட்டி வைக்க வேண்டும் என்றும், பச்சைத் தேநீரில் நான்கு கரண்டி சர்க்கரை போட வேண்டும் என்றும் எழுதி முப்பத்தொன்றுக்கு இறங்கினாள். வெளியே வரும்போது முகம் அப்படிப் பிரகாசித்தது.

மறுநாள் மன்றத்தின் வாசலிலிருந்து பெட்ரோல் நிலையம் வரை வரிசை நின்றது. தினம் சோயாவை அரைத்துத் தோஃபு செய்யும் தோஃபு கடைக்காரர், தோஃபு ஒருவகைப் பாலாடைக்கட்டி என்று எழுதினார். கோயில் குருக்களிடம், உங்கள் கோயிலின் மூலவர் யார் என்று கேட்டிருந்தது. ‘தெரியவில்லை, ஆனால் ரொம்ப அழகாக இருக்கிறார்’ என்று எழுதி மதிப்பெண்ணை இழந்தார். சிலர் வீட்டில் பயிற்சி எடுத்துவிட்டு வந்தார்கள். வேறு சிலருக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. அவர்கள் பூராவும் நேர்மையாக எழுதிப் பத்தைத் தாண்டாமல் வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்கள்.

குராமோச்சி பயந்துபோய்த் தலைவரிடம் ஓடினார்.

"ஐயா, ஊர் பூராவும் பயணி ஆகிட்டிருக்கு."

"எத்தனை பேரு?"

"நேத்துவரைக்கும் பாதி ஊரு."

தலைவர் எழுந்து நின்றார். அவர் கண்ணில் நீர் தளும்பியது. "பாதி ஊர் அளவுக்குப் பயணிங்க! குராமோச்சி, நம்ம வரலாற்றுல ஒரே சமயத்துல இத்தனை பயணிங்க வந்ததே இல்லய்யா!"

"அவங்க வரலங்க. இங்கயேதான் இருக்காங்க."

"தங்குறாங்களா இல்லையா?"

"தங்குறாங்க."

"சாப்பிடுறாங்களா?"

"சாப்பிடுறாங்க."

"அப்புறம் என்ன?" என்றார் தலைவர்.

ஹயாசாகா இதற்கு ‘உள்ளிருந்து வருகை’ என்று ஒரு பெயர் வைத்தார். தோக்கியோவில் ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினார். வேறு சில ஊர்கள் அவரை அமர்த்திக்கொள்ளப் போட்டி போட்டன. அவருடைய கால்சட்டை இன்னும் ஒரு விரற்கடை மேலே ஏறியது.

மேப்பிள் இலைகள் உதிர்ந்து முடிந்தபோது மிசுநாசேவில், தலைவரை விட்டால், உள்ளூர்வாசி என்று ஒருத்தி மட்டும் மிஞ்சியிருந்தாள். லிகாயா. அவளை மறுபடி எழுதச் சொல்லி நெசு அம்மாளே வந்து கெஞ்சிப் பார்த்தாள். "தப்புத் தப்பா எழுதணும், அவ்வளவுதான். நான் சொல்லித் தர்றேன்." லிகாயா பேனாவை எடுத்தாள்.  "கை வரமாட்டேங்குது அக்கா. மாமியார் முதுகுக்குப் பின்னால நிக்கிற மாதிரியே இருக்கு," என்று வைத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அசல் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். டென்மார்க்கிலிருந்து ஒரு கணவனும் மனைவியும். ரயிலிலிருந்து இறங்கியதும், தெருவெங்கும் கழுத்தில் கேமரா தொங்க, கையில் வரைபடத்தோடு, திறந்த வாயோடு நின்றிருந்த கூட்டத்தைப் பார்த்தார்கள். தோஃபு கடையில் தோஃபு இல்லை, கடைக்காரர் கோயில் பார்க்கப் போயிருந்தார். கோயிலில் குருக்கள் இல்லை, தோஃபு கடையைப் படம் எடுக்கப் போயிருந்தார். குராமோச்சி ஓடிவந்து வணங்கி நிற்க, அவர்கள் வருத்தத்தோடு சொன்னார்கள்: "அழகான ஊர்தான். ஆனால் சுற்றுலாக் கூட்டம் அதிகம். ஊர்க்காரர்களையே காணோம். நாங்கள் கொஞ்சம் அசலான இடமாகத் தேடுகிறோம்." அடுத்த ரயிலில் ஏறிப் போய்விட்டார்கள்.

பிறகு பனி விழுந்தது.

மிசுநாசேவின் பனி இடுப்புவரை விழும். காலையில் எல்லா வீட்டு ஜன்னலும் திறந்தன, எல்லோரும் "ஆ!" என்றார்கள், படம் எடுத்தார்கள், ஜன்னலை மூடிக்கொண்டார்கள். நிலையத்துக்குப் போகும் சாலையில் ஒரே ஒரு மண்வெட்டியின் சத்தம் கேட்டது. குராமோச்சி எட்டிப் பார்த்தார். தலையில் துண்டு கட்டிக்கொண்டு லிகாயா தனியாகப் பனி அள்ளிக்கொண்டிருந்தாள். முன்பு பனி அள்ளும் பிரிவு செய்த வேலை. அந்தப் பிரிவு முழுவதும் இப்போது அவளுடைய விடுதியில் கனப்பு மேசைப் போர்வைக்குள் கால் நீட்டி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தது.

குராமோச்சி தன் மண்வெட்டியோடு இறங்கினார்.

"வேணாம் குராமோச்சி சான். காப்பீடு இல்ல."

"மூணு வீட்டு வாசலாவது நான்..."

"நீங்க சொன்ன விதிதான்." அவள் மண்வெட்டியை ஊன்றி மூச்சு வாங்கினாள். "ஒண்ணு சொல்லட்டுமா? நான் கல்யாணமாகி வந்தப்ப, முதல் பனிக்கு ஊரே அள்ள இறங்குச்சு. நானும் மண்வெட்டி எடுத்துக்கிட்டு இறங்கினேன். ‘ஐயோ நீங்க போங்க, நீங்க விருந்தாளி’ன்னு பிடுங்கிட்டாங்க. அடுத்த வருஷமும் பிடுங்கினாங்க. அதுக்கடுத்த வருஷமும். உள்ள உக்காந்து ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருப்பேன். எப்படா என் கையிலயும் ஒண்ணு குடுப்பாங்கன்னு இருக்கும்."

குராமோச்சி தன் மண்வெட்டியைக் கீழே சாய்த்தார்.

"இப்பக் குடுத்துட்டாங்க," என்றாள் லிகாயா. "மொத்த ஊரையும்."

அவள் சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு அவரால் நிற்க முடியவில்லை. நேராக அலுவலகம் போனார். பயணி குராமோச்சி, பிரிவு அதிகாரி குராமோச்சியிடம் மீண்டும் உள்ளூர்வாசியாக வேண்டி விண்ணப்பித்தார். அதிகாரி பரிசீலித்து, தேர்வெழுத அனுமதித்தார். பயணி படித்துவிட்டுத்தான் எழுதினார். ஒன்பது வந்தது. சூப் கேள்வி இந்த முறை சரி. அறுபதுக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. விண்ணப்பத்தை வருத்தத்தோடு தாமே நிராகரித்தார்.

வீட்டில் கியோமியிடம் சொன்னார். "நாம செய்றது சரியில்ல. அந்தப் பொம்பளை ஒத்தையா அள்ளிச் சாகுது."

"சரியில்லதான்," என்றாள் கியோமி. "நான் நாளைக்குப் போய் அவங்களுக்கு டர்னிப் நறுக்கித் தர்றேன். யாராவது கேட்டா ‘சமையல் நேரனுபவம்’னு சொல்லிடுறேன்." பிறகு சேர்த்துச் சொன்னாள்: "ஆனா குப்பை முறை மட்டும் என்னால திரும்ப எடுக்க முடியாது. சொல்லிட்டேன்."

அவள் மட்டும் போனாள். மற்றவர்கள் அவள் நறுக்குவதைப் படம் எடுக்கப் போனார்கள்.

குளிர் உச்சத்தில் இருந்தபோது மாகாண அலுவலகத்திலிருந்து இகராஷி என்ற அதிகாரி ஆய்வுக்கு வந்தார். நிலையச் சாலையின் பனி சுத்தமாக அகற்றப்பட்டிருந்ததை மெச்சினார். பயணிகளின் எண்ணிக்கையைப் பார்த்தார். மக்கள்தொகையைப் பார்த்தார். இரண்டும் ஏறக்குறைய சமம் என்பதைப் பார்த்து, "ஒரு குடிமகனுக்கு ஒரு பயணி! நாட்டில் எங்கும் இல்லாத விகிதம்!" என்று வியந்து, ரயில் சேவை நிற்காது என்று அங்கேயே அறிவித்தார். தலைவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"ஒரே ஒரு நிகழ்ச்சி பாக்கி," என்றார் இகராஷி. "பயணிகள் உள்ளூர் மக்களோடு கலந்துரையாட வேண்டும். விதி."

சமுதாயக் கூடத்தில் ஏற்பாடு நடந்தது. ஊரே வந்து மெத்தைத் திண்டுகளில் பயணிகளாக அமர்ந்தது. முன்னால் ‘உள்ளூர் மக்கள்’ என்று எழுதிய பலகைக்குக் கீழே லிகாயா ஒருத்தி உட்கார்ந்தாள். அதற்கு முன் அத்தனை பேருக்கும் அவள்தான் தேநீர் கலக்கி, கிண்ணத்தைத் திருப்பி, மண்டியிட்டு வைத்திருந்தாள். முந்தின வாரம்தான் தலைவரும் தேர்வெழுதிப் பயணி ஆகியிருந்தார். பதவிக்காலம் முழுவதும் மாகாண அதிகாரிகள் முன் குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது, பயணி என்றால் குனிய வேண்டாம் என்பதே காரணம். பயணிகளின் பிரதிநிதியாக அவரைத்தான் கேள்வி கேட்கச் சொன்னார்கள்.

அவர் எழுந்தார். முகத்தில் கனிவு வழிந்தது. தேநீர் மிகப் பிரமாதம் என்றார். சூப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு, இந்த ஊரில் அவளைச் சந்திக்கும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது அன்போடு கேட்கும் அந்தக் கேள்வியை, வாய் பழக்கத்தில், அவரும் கேட்டார்:

"அப்புறம் லிகாயா சான்... எப்ப ஊருக்குத் திரும்பிப் போறதா இருக்கீங்க?"

குராமோச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

லிகாயா கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். நெசு அம்மாள், தோஃபு கடைக்காரர், குருக்கள், கால் நீட்டி உட்கார்ந்திருந்த பனிப் பிரிவு.

"போகலாம்தான் ஐயா," என்றாள் தாழ்ந்த குரலில். "வந்த விருந்தாளிங்க எல்லாரும் முதல்ல கிளம்பட்டும்னு இருக்கேன். வீட்டுக்காரி முன்னாடி எந்திரிச்சா மரியாதை இல்லையே."

கூடம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. கேமராக்கள் மின்னின. இகராஷி விழுந்து விழுந்து சிரித்தார். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த குராமோச்சியின் தொடையில் தட்டினார்.

"பாத்தியா?" என்றார் வியந்துபோய். "இந்த ஊர்க்காரங்க எவ்வளவு வேடிக்கையாப் பேசுறாங்க!"